கலப்பைக் கிழங்கு



பாபநாசத்துக்கு மேற்கே, பொதிகை அடிவாரத்தில், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு வேலியோரங்களில் பார்த்திருப்பீங்க. தீக்கொழுந்து மாதிரி ஆறு இதழும் மேல்நோக்கி வளைஞ்சு, சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ. செங்காந்தள். நம்ம மாநில மலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்தது காந்தளைத்தான்.

புலவர் வைத்த பேர் அது. ஜனங்கள் கார்த்திகைப் பூ, கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று சொல்வாங்க. இந்தக் கடைசிப் பேரிலேதான் விவசாயிக்கு வேண்டிய சங்கதி இருக்கு. வடமொழியிலும் இதற்கு லாங்கலி என்று பேர். லாங்கலம் என்றால் கலப்பை. தோண்டிப் பாருங்க, கிழங்கு இரண்டு கையாகப் பிரிஞ்சு கவட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைதான். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. அந்த நுனி ஒடிஞ்சிட்டா அந்தக் கை முளைக்காது. ஆகவே பிரிப்பதானால் கவட்டையில் பிரிக்கணும், குறுக்கே நறுக்கக் கூடாது. பேர் வைத்தவன் கிழங்கைக் கையில் வாங்கிப் பார்த்தவன்தான்.

குளிர்நாட்டில் டேலியாக் கிழங்கைப் பனிக்குப் பயந்து எடுத்து வைப்பாங்க. நமக்கு அந்தப் பயம் இல்லை. இங்கே காந்தள் உறங்குவது கோடையில். தை மாசி வாக்கில் கொடி காய்ந்துவிடும். பழைய கிழங்கு சுருங்கிப்போய், பக்கத்தில் புதுக் கவட்டை உருண்டிருக்கும். அடுத்த மழை வரை அதுக்குத் தூக்கம்.

மேனாட்டாருக்கும் இது புதுச் செடி அல்ல. கொச்சியில் இருந்த டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த மலபார்ச் செடிநூலில் மலையாளப் பேரோடு இதைச் சேர்த்தார். 1753இல் லின்னேயஸ் குளோரியோசா என்று பேரிட்டார். பூவின் அழகைப் பார்த்து வைத்த பேர். கிழங்கின் சேதி அதில் இல்லை.

காசு வந்தது வேறு வழியில். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் இதில் உண்டு என்று 1915இல் கண்டார்கள். 1937இல் அதே பொருளால் செடிகளின் குரோமோசோமை இரட்டிக்க முடியும் என்று தெரிந்தது. பிற்பாடு மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் விதைக்காகவே வயலில் கம்பி கட்டி ஏற்றினார்கள். காலையில் ஆள் வைத்துப் பூவுக்குப் பூ மகரந்தம் தடவணும், பொறுமையான வேலை. நடுவதற்குக் கிழங்கு வேணுமே? காட்டில் போய்த் தோண்டினார்கள். விதையைப் பறித்தால் செடி பிழைக்கும்; கிழங்கைத் தோண்டினால் அந்த இடமே காலி. களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானது. அங்கே மண்வெட்டி கொண்டுபோக நினைக்காதீங்க. நடவுக் கிழங்கை நம்ம வயலிலேயே பெருக்கிக்கிடணும்.

எடுப்பதானால் கொடி நன்றாய்க் காய்ந்தபிறகு, தள்ளி நின்று கொத்தி, கையால் மண்ணை விலக்கி எடுங்க. நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் அடுக்குங்க. ஒன்றின் நுனி மற்றதில் இடிக்கக் கூடாது. ஈரம் பட்டால் அழுகும். 50, 60 கிராம் எடையுள்ள கிழங்குதான் அந்த வருஷமே பூக்கும். சிறிசுகளைத் தனியே நட்டு ஒரு வருஷம் தேத்தலாம். நடும் முன்னே கார்பன்டாசிம் கரைசலில் அரைமணி நேரம் ஊறவிடுங்க.

இன்னொன்று. கிழங்கு கொடிய விஷம், முறிமருந்து கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்கள் நம்ம நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. அடுக்களைப் பரணில் வைக்கவே வேண்டாம். மாட்டுத் தொழுவமும் ஆகாது. பூட்டுள்ள அறையில், பானையின் மேல் சுண்ணாம்பால் பெரிசாக எழுதி வைங்க. எடுத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. வாங்கின மண்வெட்டியையும் கழுவித்தான் திருப்பிக் கொடுக்கணும்.