'அஞ்சாயிரத்தைக் கொடுத்துட்டுக் கிளம்புப்பா!' - கார் விபத்துக்குப் பிறகு நீங்கள் கைவிடக் கூடாத காகிதங்கள்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு காரில் வந்துக்கிட்டிருக்கீங்க. கீரனூர் தாண்டியாச்சு. கிளைச்சாலையிலிருந்து ஒரு பைக் சட்டுனு மெயின் ரோட்டில் ஏறுது. பிரேக் அடிச்சும் இடிச்சிருச்சு. பைக்கில் வந்த அண்ணன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு 'ஒண்ணுமில்ல தம்பி'ங்கிறார். உங்க கார் பம்பர் தொங்குது. ரெண்டு நிமிஷத்தில் இருபது பேர் கூடிடுறாங்க. அதில் ஒரு பெரியவர் பஞ்சாயத்தை ஆரம்பிக்கிறார். "போலீஸ், கோர்ட்டுன்னு எதுக்கு அலையணும்? அந்தத் தம்பிக்கு ஒரு அஞ்சாயிரத்தைக் கொடுத்துட்டுக் கிளம்புப்பா."

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தெரியும். பிரச்னை மறுநாள் காலையில் ஆரம்பிக்கும். அண்ணனுக்கு முழங்கால் வீங்கி, எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு. வீட்டில் இருப்பவர்கள் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். நீங்கள் நின்றீர்கள், பேசினீர்கள், பணம் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இடிச்சுட்டு நிக்காமப் போன காராகத்தான் புகாரில் உங்க வண்டி இருக்கும். அவர் நிலைமையும் மோசம்தான். அந்த முறிவு இந்த விபத்தில்தான் வந்தது என்று காட்ட அவரிடமும் எதுவும் இல்லை. பல மாதம் வேலைக்குப் போக முடியாதவருக்கு 5,000 ரூபாய் எந்த மூலைக்கு?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-ன்படி, ஓட்டியவர் செய்ய வேண்டியவை: காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது, காவல் நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துபூர்வமாகத் தகவல் கொடுப்பது. 'நின்னா அடிப்பாங்களே' என்ற பயம் நியாயமானது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை இருந்தால், காயம்பட்டவருக்கு உதவும் கடமையிலிருந்து சட்டமே விலக்கு கொடுக்கிறது. ஆனால், அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்க. வழியிலேயே 108-க்கும் 112-க்கும் போன் போடுங்க. அந்த கால் ஹிஸ்டரியும் ஒரு சாட்சிதான்.

வண்டியை நகர்த்துறதுக்கு முன்னாடி

போனை எடுங்க. உடைஞ்ச பம்பரை மட்டும் பத்து கோணத்தில் எடுக்காதீங்க. எல்லாரும் செய்யிற தப்பு அது. தள்ளி நின்னு, ரெண்டு வண்டியும் ரோடும் சேர்ந்து தெரியிற மாதிரி முதல் படம். அப்புறம் நம்பர் பிளேட், டயர் தேய்ஞ்ச தடம், கிளைச்சாலை மெயின் ரோட்டில் சேரும் இடம், பக்கத்துக் கடை போர்டு. கடையில் சி.சி.டி.வி இருக்கான்னு பாருங்க. பழைய பதிவு தானா அழிஞ்சிடும் என்பதால், அன்னைக்கே போலீஸிடம் அதைச் சொல்லிடணும். எதிர் வண்டி நம்பரை எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் அதற்கு இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கா என்று அங்கேயே தெரிஞ்சிடும்.

ஆஸ்பத்திரியில் சொல்ற ஒரு வார்த்தை

இந்தக் கட்டுரையில் ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா, இது இருக்கட்டும். 'போலீஸ் கேஸ் ஆயிடுமே' என்று பயந்து, ஆஸ்பத்திரியில் 'பைக்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்பவர்கள் நம்ம ஊர்ப்பக்கம் நிறைய. டியூட்டி டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிடுவார். 'ஏ.ஆர் காப்பி' என்று வக்கீல்கள் சொல்வது இந்தப் பதிவேட்டின் நகலைத்தான். ஒரு வாரம் கழித்து 'கார் இடிச்சது' என்று புகார் கொடுத்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். 'எந்த வண்டி, எந்த இடம், எத்தனை மணி' என்று உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க.

செலவை நினைச்சும் பயப்பட வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

சி.எஸ்.ஆர், எஃப்.ஐ.ஆர், பிரேக் இன்ஸ்பெக்டர்

வண்டிக்கு மட்டும் அடி என்றால் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கினாலே பெரும்பாலும் போதும். யாருக்காவது காயம் என்றால் எஃப்.ஐ.ஆர் வேணும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். வண்டியைப் பரிசோதிக்க வரும் மோட்டார் வாகன ஆய்வாளரைத்தான் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர்ங்கிறாங்க. அவர் பார்த்து முடிக்கும் வரை வண்டியை ரிப்பேருக்கு விடாதீங்க.

எஃப்.ஐ.ஆர் என்றதும் ஜெயில் ஞாபகம் வரும். சாதாரண சாலை விபத்துகளில் போடும் பிரிவுகள் ஜாமீன் கிடைக்கக்கூடியவைதான். உண்மையில் பயப்பட வேண்டியது இன்னொண்ணு இருக்கு: ஆள் மாத்துறது. ஓட்டினது லைசென்ஸ் இல்லாத தம்பி, ஸ்டேஷனில் பேர் கொடுக்கிறது லைசென்ஸ் வெச்சிருக்கிற அண்ணன். 'குடும்பத்துக்குள்ளதானே' என்று சாதாரணமாகச் செய்றாங்க. டோல்கேட் கேமரா, போன் டவர், ஆஸ்பத்திரிப் பதிவு என்று ஏதாவது ஒண்ணு காட்டிக் கொடுத்திடும். அப்போ க்ளெய்ம் போவதோடு நிற்காது. பொய்த் தகவல் கொடுத்த வழக்கும் சேரும். அண்ணன், தம்பி ரெண்டு பேரும் மாட்டுவாங்க.

2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் காயம்பட்டவர்களுக்குப் பெரிய உதவி. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். கேட்டு வாங்கலாம், அது உங்க உரிமை. இழப்பீட்டு மனு போட ஆறு மாதம்தான் கெடு என்று சட்டம் சொல்வதால், 'காயம் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று இருந்துடாதீங்க.

எங்கே மனு போடுவது? 2023 டிசம்பர் 30 அதிகாலை, திருமயம் சாலையில் நமணசமுத்திரத்தில் டீக்கடை ஓரம் நின்றிருந்தவர்கள் மீதும் வண்டிகள் மீதும் சிமென்ட் லாரி மோதி 5 பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த பக்தர்கள் அவர்கள். இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் ஒரு வழி இருக்கு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். அதற்கான விண்ணப்பம் போவது வருவாய்த் துறை அதிகாரியிடம்.

இனி உங்க கார்

கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் பார்த்த பிறகுதான் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனரை எடுக்கணும். ரேடியேட்டர் உடைஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க, டோ பண்ணுங்க. இன்ஜின் அதுக்கப்புறம் கெட்டால் 'அது விபத்தில் வந்த சேதம் இல்லை' என்பார்கள்.

சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போடுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்க. பம்பர் 6,000 ரூபாய் என்று வைப்போம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவிகிதம். ஸீரோ டெப் எடுக்காதவர் என்றால் மிச்சம் 3,000. அதில் 1500 சி.சி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய் உங்க பங்கு. ஆக, பம்பருக்குக் கைக்கு வருவது 2,000. ஐந்து வருஷம் க்ளெய்ம் பண்ணாமல் சேர்த்த 50 சதவிகித நோ க்ளெய்ம் போனஸ் இதனால் பூஜ்யத்துக்கு வந்திடும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 என்றால், அடுத்த வருஷமே 4,000 கூடுதலாகக் கட்டணும். இந்த பம்பரை சொந்தக் காசில் மாத்துறதுதான் லாபம். ஆனா தகவல் மட்டும் சொல்லி வெச்சிடுங்க, பைக் அண்ணன் நாளைக்கே வரலாம்.

ராத்திரியில் மாடு குறுக்கே வந்து முட்டினால்? ஜல்லிக்கட்டு மாவட்டத்தில் இது சாதாரணக் கேள்விதான். முழு பாலிசி என்றால் கார் சேதத்துக்கு க்ளெய்ம் உண்டு. மாட்டுக்காரர் கேட்கும் நஷ்டஈடும் மூன்றாம் நபர் சொத்து என்ற கணக்கில்தான் வரும்.

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்கள் ஒண்ணு கவனிக்கணும். உங்க காரில் வரும் நண்பர்களுக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. 2021 ஆகஸ்டில் இப்படியொரு வழக்கில்தான், புது வண்டிகளுக்கு ஐந்து வருஷம் 'பம்பர் டு பம்பர்' பாலிசி கட்டாயம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பழைய ஓட்டை அப்படியேதான் இருக்கு.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்க இன்னைக்கே ஆர்.சி-யையும் பாலிசியையும் எடுத்துப் பாருங்க. ரெண்டிலும் உங்க பேர் இருக்கா? வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். ஆர்.சி மாமா பேரில், பாலிசி பழைய ஓனர் பேரில், ஓட்டுறது நீங்க என்றால், கார் சேதத்துக்கான க்ளெய்ம் சிக்கிடும். ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கிடைக்காது. அது ஆர்.சி-யில் பேர் உள்ள, லைசென்ஸ் உள்ள ஓனருக்கு மட்டும்தான்.

க்ளெய்மை நிராகரிச்சா, காரணத்தை எழுத்தில் கேளுங்க. போனில் சொன்னால் ஏத்துக்காதீங்க. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, ஆன்லைனிலேயே மனு போடலாம். கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள் போகணும், அவ்வளவுதான்.