கண்ணாடி மாளிகை கற்பிக்கும் பாடம்

ஓர் உறுப்பை ஒருமுறை செய்து பலமுறை பயன்படுத்தினால் வேலை விரைவில் முடியும் என்பர். இக்காலக் கட்டடக்கலை மாணவர் கணினியில் ஒரு சாளரத்தை ஒருமுறை அமைத்துக்கொண்டு, அதன் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் மாற்றிப் பல கட்டடங்களில் பொருத்துகின்றனர். இதனால் காலம் உண்மையிலேயே மிச்சமாகின்றதா? இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இலண்டன் மாநகரில் இது எழுந்தது. விடையும் ஒரு கட்டடமாகவே எழுந்தது. அதன் வரலாற்றை ஆராய்வோம்.

1851 மே முதல் நாளன்று ஹைடு பூங்காவில் உலகப் பொருட்காட்சி ஒன்றைத் திறப்பதென முடிவாயிற்று. 200-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. கட்டடக் குழுவினர் தாமே ஒரு திட்டம் வகுத்தனர். அதற்குக் கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் வேண்டும்; காலமோ ஓராண்டுகூட இல்லை. அவ்வேளையில் ஜோசப் பாக்ஸ்டன் என்பார் 1850 ஜூன் 11-ஆம் நாள் ஒரு கூட்டத்தில் அமர்ந்திருந்தபடியே மையொற்றுத் தாளில் ஒரு படம் கீறினார். அவர் கட்டடக் கலைஞர் அல்லர். சாட்ஸ்வர்த் என்னும் ஊரில் ஒரு பிரபுவின் தலைமைத் தோட்டக்காரர்.

அவருடைய திட்டத்தின் உயிர்நாடி ஓர் அளவு. கண்ணாடித் தகடு ஒவ்வொன்றும் 49 அங்குல நீளம், 10 அங்குல அகலம். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி 24 அடி, அல்லது அதன் மடங்குகளாகிய 48 அடி, 72 அடி. இவ்வளவுகளைக் கொண்டே 1,848 அடி நீளமுள்ள மாளிகை உருவாயிற்று. ஏறத்தாழ 3,300 இரும்புத் தூண்களும் மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகளும் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுப் பூங்காவுக்கு வந்தன. ஒன்று நுட்பமானது. தூண்களின் வெளிக்குறுக்களவு எங்கும் 8 அங்குலமே. தாங்கும் பாரத்துக்கு ஏற்ப உட்புற இரும்பின் கனம் மட்டும் மாறியது. ஆதலால் எத்தூணிலும் ஒரே இணைப்பு பொருந்தியது. வடிவம் ஒன்று, மதிப்பு வேறு என்று கணினி மாணவர் இன்று கற்கும் தத்துவம் இதுவே அன்றோ?

1850 ஜூலை இறுதியில் நிலம் ஒப்படைக்கப்பட்டது. செப்டம்பர் 26-இல் முதல் தூண் நின்றது. குறித்த மே முதல் நாளில் மாளிகை திறக்கப்பட்டது. ஒன்பதே மாதங்கள்! உலகம் வியந்தது.

ஆனால், அந்த ஒன்பது மாதங்களுக்குப் பின்னால் இருந்த காலத்தையும் நாம் கணக்கிடவேண்டும். முதல் தூண் நிற்குமுன், ஒப்பந்தக்காரர்களுள் ஒருவராகிய சார்லஸ் ஃபாக்ஸ் நாள்தோறும் 18 மணி நேரமாக 7 வாரங்கள் உழைத்து வரைபடங்களை வகுத்தார். பாக்ஸ்டனோ சாட்ஸ்வர்த்தின் செடி வீடுகளில் பத்தாண்டுக்கு மேலாகக் கண்ணாடிக் கூரையை ஆராய்ந்து, மரச்சட்டங்களை அறுக்க ஒரு பொறியையும் அமைத்திருந்தார். பூங்காவில் மிச்சமான காலம் இவர்கள் முன்னரே செலுத்திய காலத்தின் வட்டி. முதலீடின்றி வட்டி வருவதில்லை. ஆசிரியத் தொழிலிலும் இதனை நான் கண்டிருக்கின்றேன். நன்கு எழுதிய பாடக்குறிப்பு ஒன்று பல ஆண்டுகளுக்கு உதவும். அதனை முதன்முதல் எழுதும் இரவோ நீண்டது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. பொருட்காட்சி முடிந்தபின் மாளிகையைப் பிரித்து, சிடன்ஹாம் என்னும் மேட்டில் மீண்டும் எழுப்பினர். உறுப்புகள் கையில் இருந்தன. பொருத்தும் முறையும் தெரிந்திருந்தது. ஆகவே முன்னிலும் விரைவில் முடிந்திருக்குமென நீங்கள் எண்ணக்கூடும். 1852 ஆகஸ்டில் முதல் தூண் நிறுத்தப்பட்டது. திறப்பு விழாவோ 1854 ஜூன் 10-இல்தான் நிகழ்ந்தது. ஏறத்தாழ 22 மாதங்கள்!

காரணம் யாது? புதிய மாளிகை பழையதன் படியன்று. நிலம் சரிவானது, ஆதலால் அடியில் ஒரு தளம் வேண்டியிருந்தது. கூரை முழுதும் வளைவாக்கப்பட்டது. ஒன்றாக இருந்த குறுக்கு மண்டபம் மூன்றாயிற்று. கண்ணாடியின் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. உள்ளே கலைக்கூடங்களையும் வெளியே பெருந்தோட்டத்தையும் அமைக்கவும் காலம் பிடித்தது. தேவை மாறியபொழுது பழைய உறுப்பு பாதி வேலைக்கே உதவியது. எஞ்சியதற்குப் புதிய சிந்தனையும் புதிய வார்ப்பும் வேண்டியிருந்தன. அம்மாளிகை 1936 நவம்பர் 30-ஆம் நாள் தீக்கிரையாயிற்று. அது கற்பித்த பாடம் எரியவில்லை.

மாணவ நண்பர்களே! மீண்டும் பயன்படும் உறுப்பு காலத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்ட உண்மை. எவை மாறும், எவை மாறா என்பதை முதலிலேயே பொறுமையாக ஆராய்ந்திருக்கவேண்டும். புதிய வேலையும் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். ஒரே ஒருமுறை வேண்டிய சாளரத்துக்காக, நூறு விதமாக மாறவல்ல சாளரத்தைச் செய்து மாலைப்பொழுதைப் போக்குவோன் காலத்தைச் சேமித்தவன் ஆகான். எனவே, உறுப்பைச் செய்யத் தொடங்குமுன், இது இன்னும் எத்தனை முறை வேண்டியிருக்கும் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் போடும் அந்தச் சிறு கணக்குக்குச் செலவாகும் ஐந்து நிமிடம் வீணாவதில்லை.