மருத்துவராக அமர்ந்த அப்பா

பார்சிலோனாவில் பிளாட்டா தெரு. 1897ஆம் ஆண்டின் தொடக்கம். வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் தாடி வைத்த ஒருவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் கடிகாரம். மறு கை நாடி பிடிக்கும் பாவனையில் நீண்டிருக்கிறது. அவர் மருத்துவர் அல்லர், ஓவிய ஆசிரியர். எதிரே தூரிகையோடு நிற்பவன் அவருடைய 15 வயது மகன் பாப்லோ பிகாசோ.

அறைக்கு வாடகை கொடுத்தவர் அப்பா ஹோஸே ரூயிஸ் பிளாஸ்கோ. என்ன வரையலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். நோயாளியாகப் படுக்க, தெருவில் பிச்சையெடுத்த ஒரு பெண்ணைக் குழந்தையோடு கூலிக்கு அழைத்து வந்தார்கள். கட்டிலுக்கு மறுபுறம் நிற்கும் கன்னியாஸ்திரீயின் உடைக்குள் இருந்தது ஒரு பையன்! இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலத் துணியில் வளர்ந்த அந்த ஓவியம்தான் ‘அறிவியலும் கருணையும்’.

ஹோஸேவுக்குப் புறாக்கள் வரைவதில் தனிப் பிரியம். செத்த புறாவின் கால்களை வெட்டிப் பலகையில் குத்திவைத்து, அதைப் பார்த்து வரையச் சொல்வாராம். மகன் வரைந்த கால்களைக் கண்டு பிரமித்து, தூரிகைகளை அவனிடமே ஒப்படைத்துவிட்டு ஓவியத்தைத் துறந்தார் என்று ஒரு கதை உண்டு. பிகாசோவே சொன்ன கதை. ஆனால், ஹோஸே பிறகும் வரைந்துகொண்டுதான் இருந்தார். துறவை விட, மகனுக்கு முன் மணிக்கணக்கில் அமர்ந்த இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1895 ஜனவரியில், லா கொருன்யா நகரில் இருந்தபோது, பாப்லோவின் தங்கை கான்சீட்டா தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள். வயது ஏழு. இரண்டே ஆண்டு கழித்து நோயாளியின் கட்டில், பக்கத்தில் நாடி பிடிக்கும் அப்பா. நோயாளிப் படங்கள் அன்றைய ஸ்பெயினின் கண்காட்சிகளில் சாதாரணம்தான். ஆனாலும் இந்த வீட்டில் அந்தக் காட்சியை வெறும் கண்காட்சிப் பொருளாக வரைந்திருக்க முடியுமா? அந்த முகத்தின் கவனத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாட்ரிட் தேசியக் கண்காட்சியில் படத்துக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. மலகாவில் தங்கப் பதக்கம். நோயாளியின் கை கையுறை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தவர்களும் உண்டு.

அப்பா விரும்பிய பாதையில் மகன் போன கடைசித் தூரம் அநேகமாக இதுதான். 1897இலேயே மாட்ரிட் கலைக் கல்லூரியில் சேர்ந்தவன் சீக்கிரமே வகுப்புகளைக் கைவிட்டான். 1901 வாக்கில் கையெழுத்திலிருந்து ‘ரூயிஸ்’ போய்விட்டது. அம்மாவின் ‘பிகாசோ’ மட்டும் நின்றது. ஹோஸே 1913இல் காலமானார்.

அப்பாவின் பெயரை விட்டவர் அவர் முகத்தை விடவில்லை. எந்த ஆணை வரைந்தாலும் தன்னையறியாமல் அப்பாவைத்தான் நினைப்பதாகப் புகைப்படக் கலைஞர் பிராசாயிடம் பிகாசோ சொல்லியிருக்கிறார். 1949இல் பாரிஸ் அமைதி மாநாட்டுச் சுவரொட்டிக்கு அவர் கொடுத்தது ஒரு புறா. அந்த மாதமே பிறந்த மகளுக்கு வைத்த பெயர் பலோமா. ஸ்பானிய மொழியில் புறா.

‘அறிவியலும் கருணையும்’ பல காலம் பார்சிலோனாவில் குடும்பத்தாரிடமே இருந்தது. 1970இல் பிகாசோ தன் இளமைக்கால ஓவியங்களோடு அதையும் அந்நகரில் தன் பெயரிலுள்ள அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அருங்காட்சியகம் இருக்கும் மொன்காடா தெருவுக்குப் போகிறவர்கள் பார்க்கலாம்: ஹோஸே இன்னும் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.