வசைக்கும் ஓர் எல்லை

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் இந்துத் தமிழ் ஊரும் வேலியோடு வேலி தொட்டுக் கிடக்கும் இலங்கையின் கீழைக் கரையில், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை மட்டக்களப்பின் தென்பாகமாக எண்ணப்பட்ட இந்நிலத்தில், பிறரைச் சுடும் பரிகாசத்துக்கும் ஒரு காலத்தில் சாஸ்திரம் போன்றதோர் ஒழுங்கு இருந்தது.

கண்ணகி வழிபாடுடைய தமிழூர்களின் கொம்புமுறியை முதலிற் கூறலாம். மழை பொய்த்தபோதும் கொள்ளைநோய் பரவியபோதும் அம்மனின் கோபம் தணிய வேண்டி ஆடப்பட்ட இவ்விளையாட்டிலே, ஊரார் கோவலன் பக்கமான வடசேரி என்றும் கண்ணகி பக்கமான தென்சேரி என்றும் இரு கட்சியாவர். தேங்காயோடு தேங்காய் மோதும் போர்த்தேங்காய் அடித்த பின்னர், வைரம் பாய்ந்த மரத்தின் வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இருதிறத்தாரும் மூச்சடக்கி இழுக்க, எவருடைய கொம்பு முறிகிறதோ அவரே தோற்றவர். அதன்மேல் வசை தொடங்கும். மற்றைய நாளில் வாய்தவறி வந்தாலும் வழக்கிலோ வெட்டுக்குத்திலோ கொண்டுபோய் விடக்கூடிய பச்சைச் சொற்கள், அன்றைக்கு மட்டும் தெய்வ சந்நிதியின் பெயரால் அனுமதி பெற்றன. ஆட்டம் கலைந்தால் வடசேரியானும் தென்சேரியானும் பழையபடி மாமனும் மச்சானுமே.

முஸ்லிம் ஊர்களிலோ அந்த இடத்தை வயலும் கவியும் வகித்தன. விதைப்புக் காலத்திலும் வேளாண்மை வெட்டிலும் வாடி எனப்பட்ட வயற்குடிலில் தங்கிய முல்லைக்காரராகிய வயற்பணியாளரும் வெட்டுக்காரரும் ஓசை நீட்டிப் பாடிய நான்கடிக் கவிகளில் காதலும் பிரிவும் எவ்வளவு உண்டோ அவ்வளவு நக்கலும் உண்டு என்பதை, நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் திரட்டிய கிராமியப் பாடல்களைக் கண்டவர் அறிவர். மச்சான் மச்சியை இடித்துப் பாடினால் மச்சிக்கும் எதிர்க்கவி பாட உரிமை உண்டு. நிறமும் நடையும் வறுமையும்கூட அங்கே பகிடிக்குத் தப்பவில்லை. ஆயினும் முறைப்பெண்ணிடம் செல்லுபடியான பகிடி ராத்தா என்னும் அக்காளிடம் செல்லாது. வயல் வெளியில் அவிழ்ந்த வாய் பள்ளிவாசல் முற்றத்தில் தானே கட்டிக்கொள்ளும்.

இவ்விரு வழக்கங்களிலும் காலமும் இடமும் உறவும் வரம்பிடப்பட்டிருந்தன என்பது ஒன்று. அதனினும் பிரதானமானது, வசை கேட்டவன் எதிர்வசை சொல்ல வாய்ப்புடையவனாய் அங்கேயே நின்றான் என்பது.

சினிமாவின் வருகையோடு இந்தச் சமநிலை குலைந்தது. இலங்கையில் பொதுக் காட்சிகளைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் 1912இலேயே பிறந்துவிட்டது. ஆனால் தணிக்கை செய்வோர் சொல்லையும் காட்சியையும் வெட்டலாமேயன்றி, திரையில் எள்ளப்பட்டவனுக்கு ஒரு நாவை வழங்க இயலாது. உதாரணமாக, அதிர்ச்சியூட்டிச் சிரிக்கவைக்கும் படங்களில் உலகப் பிரசித்தி பெற்ற ‘போரட்’ 2006இல் வெளிவந்தபோது, லெபனான் நீங்கலான அரபு நாடுகள் அதனைத் தடுத்தன. அப்படத்திலே கசாக்ஸ்தான் கிராமமாகக் காட்டப்பட்டது உண்மையில் ருமேனியாவின் குளோட் என்னும் ஏழைக் கிராமம். எடுக்கப்படுவது இன்ன படம் என்றே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று முறையிட்டு, அவ்வூரார் சிலர் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்றும் பலன் காணவில்லை. கோடிக்கணக்கானோர் அவர்களைப் பார்த்துச் சிரித்தனர். அவர்கள் பாட வேண்டிய எதிர்க்கவிக்கோ களமே இல்லை.

ஆபாசமான சொல்லே குற்றம் என்று கொள்வோமாயின் நம் முன்னோரின் கொம்புமுறிக் களத்தையே முதலில் தண்டிக்க வேண்டிவரும். எனவே, புண்படுத்தும் ஹாஸ்யத்தை அளக்கும் கோல் சொல்லின் கூர்மையன்று, எள்ளப்பட்டவனுக்குத் திருப்பிச் சொல்லும் வலிமை உண்டா என்பதே; அந்த வலிமை அற்றவனை நோக்கி எறியப்படும் பகிடி, எத்தனை சாமர்த்தியமாயினும், வெறும் கொடுமையே ஆகும்.