உரிமைக்காகக் கொடுக்கும் லஞ்சம்: இஸ்லாமியச் சட்டமும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைப் பெறவோ, தன்மீது வரும் அநியாயத்தைத் தடுக்கவோ வேறு வழியின்றி அதிகாரிக்குப் பணம் கொடுப்பவர் பாவியா என்பது ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. வாங்குபவரைப் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை. அவருக்கு அது ஹராம். பிறர் பொருளை அநியாயமாக உண்பதற்காக அதிகாரிகளிடம் பணம் கொண்டுபோவதைக் குர்ஆனின் 2:188ஆம் வசனம் தடுக்கிறது. லஞ்சம் கொடுப்பவர், வாங்குபவர் இருவரையும் நபிகள் நாயகம் (ஸல்) சபித்ததாக அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உள்ளது. வசனம் பேசுவது பிறர் பொருளைப் பறிப்பதற்காகக் கொடுப்பதைப் பற்றி; ஹதீஸோ யாரையும் விலக்காமல் பொதுவாகச் சொல்கிறது. சொந்த உரிமைக்காகக் கொடுப்பவரைப் பற்றிய விவாதம் இந்த இடைவெளியில்தான் எழுந்தது.

நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அபிசீனியாவில் பிடித்து வைக்கப்பட்டபோது 2 தீனார் கொடுத்து விடுபட்டதாகவும், பாவம் வாங்கியவர்மீதே என்று சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. சலுகை தரும் அறிஞர்கள் பலரும் இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 1277இல் மறைந்த இமாம் நவவீ, ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) நிலைப்பாட்டைச் சொல்லும்போது, உரிமையை அடையக் கொடுப்பதைக் கைதியை மீட்கக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிடுகிறார். இப்னு தைமிய்யாவும் கொடுப்பவருக்கு அனுமதி உண்டு என்றே கூறுகிறார். ஹனஃபி அறிஞர்கள் இன்னும் நுணுக்கமாக லஞ்சத்தை நான்காகப் பிரித்தார்கள். பதவி பெறக் கொடுப்பதும், தீர்ப்புக்காகக் காழிக்கு (நீதிபதிக்கு) கொடுப்பதும் இருவருக்குமே ஹராம். ஆட்சியாளரிடம் காரியம் நடக்க இடையில் நிற்பவருக்குக் கொடுப்பதும், உயிருக்கும் பொருளுக்கும் அஞ்சிக் கொடுப்பதும் வாங்குபவருக்கு மட்டுமே ஹராம். இவற்றுள் இரண்டாவது வகை ஆழ்ந்து நோக்கத்தக்கது. தீர்ப்பு நியாயமாகவே அமைந்தாலும், கேட்டவர் உண்மையிலேயே உரிமை உள்ளவராக இருந்தாலும், காழிக்குக் கொடுத்தவர் தப்ப முடியாது. கொடுப்பவரின் நியாயத்தை மட்டுமல்லாமல், முடிவு செய்யும் இருக்கை கெட்டுப்போவதையும் அவர்கள் கணக்கில் கொண்டார்கள். யமனின் தலைமைக் காழியாக இருந்த ஷவ்கானீ இன்னும் ஒருபடி மேலே போய், பொதுவாக வந்த ஹதீஸுக்கு இப்படி ஒரு விலக்கு எங்கிருந்து வந்தது என்றே கேட்டார்.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் முஸ்லிம்களிடம் இரு மத்ஹபுகளும் உண்டு. ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை வழிவந்தவர்கள் ஷாஃபிஈகள். மலாய் முஸ்லிம்களின் வழக்கமும் ஷாஃபிஈ மத்ஹபே. ஆகவே இங்கே ‘காப்பிக்காசு’ என்ற பெயரில் லஞ்சம் கொடுப்பவர் சலுகையை நாடினால் நூல் ஆதாரம் கிடைக்காமல் போகாது. ஆனால் அந்தச் சலுகை நிபந்தனையோடு வருவது: உரிமை ஐயத்துக்கு இடமின்றித் தனதாக இருக்க வேண்டும், வேறு வழி அடைபட்டிருக்க வேண்டும், மூன்றாமவர் எவருக்கும் கேடு வரக்கூடாது. சாலைத் தடுப்பில் உரிம அட்டைக்குள் 50 ரிங்கிட் தாளை மடித்து நீட்டும் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். சிவப்பு விளக்கைத் தாண்டியது உண்மையானால், அவர் வாங்குவது உரிமை அல்ல, தண்டனையிலிருந்து தப்பும் வழி. தாண்டவில்லை என்றாலும் சம்மனை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் மறுக்கலாம், வழி அடைபடவில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடை வைத்திருப்பவர், ஆவணங்கள் எல்லாம் சரியாக இருந்தும் உரிமம் சீக்கிரம் வரட்டும் என்று கொடுத்தால், அவர் தாண்டிப்போவது தமக்கு முன் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களை. உரிமம் அவருடைய உரிமைதான். வரிசையில் முதலிடம் அவருடையதல்ல. உரிமத்தை முடிவு செய்யும் மேசை இன்று காழியின் இருக்கைக்கு நிகரானது என்பதால், ஹனஃபிகளின் இரண்டாவது வகையே இதற்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புகார் வாசல் காகிதத்தில் இருக்கிறது, ஏழைக்கு அது திறப்பதில்லை என்பதே அது. மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ் ஊழலை வகைப்படுத்தியபோது, மிரட்டிப் பறிக்கப்படுபவரின் செயலுக்குத் ‘தற்காப்பு ஊழல்’ என்று தனிப் பெயரே கொடுத்தார். செல்லுபடியாகும் அனுமதி இருந்தும் தடுப்புக்காவல் மிரட்டலுக்கு அஞ்சிப் பையில் உள்ளதைக் கொடுத்துவிடும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் நிலை, அந்நிய மண்ணில் பிடிபட்ட இப்னு மஸ்ஊதின் நிலையேதான். அவருக்குச் சலுகை முழுமையாக உண்டு. ஷவ்கானீயின் கண்டிப்பை அவர்மீது ஏற்றுவது, பறிகொடுத்தவரையே தண்டிப்பதாகும். ஆனால் இந்த மறுப்பு அவருக்குத்தான் உதவும். வழக்கறிஞரும் கணக்காளரும் வைத்திருக்கும் முதலாளி அதே வாதத்தைச் சொல்லி நுழைய முடியாது.

கொடுக்க அனுமதி இருப்பதால் மௌனம் காக்கவும் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009இன் 25ஆம் பிரிவு, தன்னிடம் லஞ்சம் கேட்கப்பட்டவரும் கூடிய விரைவில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. தகுந்த காரணமின்றித் தவறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பொதுநலனுக்காக ஆட்சி விதிக்கும் இத்தகைய கட்டளை மார்க்கத்துக்கு முரணாகாதவரை அதற்குக் கட்டுப்படுவதும் மார்க்கக் கடமையே என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. கொடுத்தவர் வாய் மூடினால் அடுத்தவரிடமும் அதே கை நீளும். அந்தக் கேட்டில் அவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. இருந்தாலும் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டபோது, அந்தக் குற்றத்தில் தாமே பங்கெடுத்தவரின் பாதுகாப்பைத் திரும்பப் பெற இடம் வைத்திருந்தது. மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்தவர் புகார் செய்யத் தயங்குவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. இந்தியாவின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தம், லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிய அதே பிரிவில், கட்டாயப்படுத்தப்பட்டவர் 7 நாளுக்குள் தகவல் தந்தால் அவருக்கு அது பொருந்தாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நிர்ப்பந்தத்தால் கொடுத்தவருக்கு ஃபிக்ஹ் தரும் சலுகையும், பறித்தவரைத் தப்பவிடாத அக்கறையும் அந்த ஒரு விதிக்குள் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மலேசியச் சட்டத்தில் அப்படி நாள் குறித்த விலக்கு இல்லை.