அரிசி, சர்க்கரை, ரூபாய்: இந்துமாக்கடல் தீவுகளின் நாணய உறவு குறித்து ஓர் ஆராய்ச்சி

பள்ளிப்பட்டு வட்டாரத்தில் விளையும் கரும்பு திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்வதும், மொரீசியஸ் தீவில் இன்று ரூபாய் என்ற பெயரில் வழங்கும் நாணயம் நம்முடைய ரூபாயோடு யாதொரு மதிப்புத் தொடர்புமின்றித் தனித்து நிற்பதும், ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற இரு விஷயங்கள் என்றே எவருக்கும் முதற்பார்வையில் தோன்றும். ஆனால் இலங்கை, மொரீசியஸ், சேஷெல்ஸ், மாலத்தீவு ஆகிய தீவு நாடுகளின் வர்த்தக வரலாற்றைச் சற்று ஊன்றிப் பயின்றால், முன்னதற்கும் பின்னதற்கும் நெருங்கிய காரண காரிய உறவு உண்டு என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. அந்த உறவை எடுத்துக்காட்டுவதும், அண்மையில் இந்திய அரசு இத்தீவுகளோடு ரூபாயிலேயே கணக்குத் தீர்த்துக்கொள்ள மேற்கொண்டுள்ள முயற்சியை அதன் வெளிச்சத்தில் எடைபோடுவதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரூபாய் இந்துமாக்கடலின் பெரும்பகுதிக்கும் பொது நாணயமாக வழங்கியது என்பதை எல்லோரும் அறிவர். இலங்கையில் 1869இல் இந்திய வெள்ளி ரூபாய் அளவு வரம்பின்றிச் செல்லுபடியாகும் நாணயமாக்கப்பட்டு, 1872இல் நூறு சதமாகப் பகுக்கப்பட்டது. மொரீசியஸ் 1876இல் அதனையே தன் நாணயமாக ஏற்றது. மொரீசியஸின் கீழிருந்த சேஷெல்ஸ் தீவுகள் அதனைப் பின்பற்றின. இவ்வொருமை ஆங்கில ஏகாதிபத்தியத்தின் சிருஷ்டி என்று பொதுவாக எழுதப்படுகிறது. இந்த அபிப்பிராயத்தை நான் ஏற்பதற்கில்லை. ஏனெனில், ஏகாதிபத்தியத்தின் விருப்பம் நேர்மாறாக இருந்தது: குடியேற்ற நாடுகள் அனைத்திலும் ஆங்கில வெள்ளி நாணயமே வழங்க வேண்டும் என்று 1825ஆம் ஆண்டிலேயே லண்டன் ஆணை பிறப்பித்திருந்தது. அவ்வாணையை மீறி, ஷில்லிங்கைத் துரத்திவிட்டு, ரூபாய் தானாகவே தீவுகளுக்குள் புகுந்து கடையிலும் தோட்டத்திலும் நிலைபெற்ற பிறகே சட்டம் அதன் பின்னால் வந்து முத்திரையிட்டது.

அப்படியானால் ரூபாயை அங்கே கொண்டுசென்றது எது? ஆட்கள் என்று சொல்வது எளிய விடை. 1834 நவம்பரில் அட்லஸ் என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்த முப்பத்தாறு பேரில் தொடங்கி, 1910 வரையில் ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக மொரீசியஸில் இறங்கினர். அவர்களில் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் ஒரு கணிசமான பகுதியினர். தமிழ் பேசியவரும் தெலுங்கு பேசியவரும் அவர்களுள் இருந்தனர். கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்திருந்த பள்ளிப்பட்டும் திருத்தணியும் அக்காலத்தில் வட ஆர்க்காடு ஜில்லாவுக்கு உட்பட்டவை. இரு மொழியும் கலந்து புழங்கிய அந்த ஜில்லாவும் கப்பலுக்கு ஆள் கொடுத்த ஜில்லாக்களில் ஒன்றே. திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகையில் காவடி எடுப்பது போலவே மொரீசியஸில் தைப்பூசக் காவடி எடுக்கப்படுவதும், அந்நாள் அங்கே அரசு விடுமுறையாக இருப்பதும் இந்தப் பிரயாணத்தின் எச்சங்கள்.

ஆனால் ஆட்கள் மட்டுமே காரணம் என்றால், அதே சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 முதல் ஒப்பந்தக் கூலிகள் சென்ற நேட்டாலிலும், பின்னர் சென்ற ஃபிஜித் தீவிலும் ரூபாய் ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவுக்கு விடையில்லை. அங்கெல்லாம் பவுனும் ஷில்லிங்குமே நிலைத்தன. எதிர்த்திசையில், கூலிகள் அன்றி வணிகரே சென்ற ஜான்ஜிபார்த் தீவில் ரூபாய் 1930கள் வரையில் வழங்கியது. ஆகவே நாணயத்தை நிர்ணயித்த காரணம் ஆள் நடமாட்டத்துக்கும் அப்பால் இருக்க வேண்டும். அது உணவு என்பது என் துணிபு. இலங்கையும் மொரீசியஸும் தம் நிலத்தைக் காப்பிக்கும் தேயிலைக்கும் கரும்புக்கும் கொடுத்துவிட்டு, உண்ணும் அரிசிக்கு இந்தியாவையும் பர்மாவையும் நம்பி நின்றவை. அரிசியை விற்றவன் கேட்ட நாணயத்தை அரிசி வாங்கியவன் வைத்திருந்தே ஆகவேண்டும்.

கூலியின் கணக்கைப் பார்த்தாலே இது தெளிவாகும். மொரீசியஸ் ஒப்பந்தத்தில் ஆடவனுக்கு மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். அதோடு நாளொன்றுக்கு இரண்டு பவுண்டு அரிசி, அரைப் பவுண்டு பருப்பு, உப்பு, எண்ணெய். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வது வழக்கம். இரட்டை வெட்டு என்று இழிபுகழ் பெற்ற இந்தப் பிடித்தத்தால் ஐந்து ரூபாய் முழுமையாகக் கைக்கு வந்த மாதங்கள் எத்தனை என்பது வேறு சங்கதி. ஆனால் அரிசியை மட்டும் தோட்டக்காரன் எப்படியும் அளந்தாக வேண்டும். இலங்கைத் தோட்டங்களிலோ அரிசி சம்பளத்தோடு சேராமல், தோட்டத்திலேயே விற்கப்பட்டு அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது: செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்த நாட்களை ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கத்தில் அரிசிக் கணக்கையும் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தையும் கழித்தால், மிச்சமாக நின்றது பெரும்பாலும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்ட கடனே. 1921இல் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்படும் வரையில், தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறும்போது அவனோடு மாறியது அவனுடைய கடன்தான். காசு கையில் தங்காத ஒரு ஜனக்கூட்டத்தின் பெயரால் ஒரு நாணயம் கடல் கடந்து நிலைபெற்றது என்பதில் உள்ள கசப்பை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

அரிசிக்கும் தீவுகளின் நாணயத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பு ஆங்கிலேயருக்கு மிகவும் முற்பட்டது. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழி வங்காளத்தில் பணமாகச் செலவானது. வங்காளத்து அரிசி அதற்கு ஈடாகத் தீவுக்குச் சென்றது. பதினான்காம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த இபின் பதூதா, ஒரு பொன் தீனாருக்கு நாலு இலட்சம் சோழி என்றும், விலை சரிந்தால் பன்னிரண்டு இலட்சம் வரை போகும் என்றும் குறித்திருக்கிறார். பணத்தையே விளைபொருளாக ஏற்றுமதி செய்து சோறு உண்ட நாடு உலகில் இதைப்போல் வேறொன்று இருந்திருக்குமா என்பது ஐயமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் சோழியை வரியாக ஏற்க மறுத்தபோது மாலத்தீவு அந்தப் பாக்கியத்தை இழந்தது. பிறகு மாசிக் கருவாட்டைக் கொழும்புக்கு விற்று இலங்கை ரூபாயில் அரிசி வாங்கலாயிற்று.

இனி, தீவுகள் இந்தியாவிடம் வாங்கிய அரிசிக்கும் துணிக்கும் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதே இப்பொருளின் மையம். இலங்கை தன் காப்பியையும் தேயிலையையும் லண்டனில் விற்றுப் பவுன் ஈட்டியது. அந்தப் பவுனின் மேல் எழுந்த உண்டியல்கள் பம்பாயிலும் சென்னையிலும் ரூபாயாக மாறின. கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார், ஆங்கில வங்கிகளிடம் கடன் பெற்று, அந்த வங்கிகள் முகம் கொடுக்காத சுதேச வணிகருக்கு அதனை வட்டிக்கு விட்டு, அரிசி வர்த்தகத்துக்கு முதல் தேடிக் கொடுத்தனர். 1925இல் அவர்களுக்கு வங்கிகள் கடனைச் சுருக்கியபோது கொழும்புக் கடைவீதியே தடுமாறிற்று; 1934இல் சொராப்ஜி போச்கானாவாலா தலைமையில் அமர்ந்த வங்கி விசாரணைக் குழுவும், 1939இல் தோன்றிய இலங்கை வங்கியும் அந்தத் தடுமாற்றத்தின் பின்விளைவுகள்.

மொரீசியஸின் கதை இன்னும் சுவையானது. ஐரோப்பிய அரசுகள் மானியம் கொடுத்து வளர்த்த பீட் சர்க்கரை லண்டன் சந்தையை நிரப்பியதால், அத்தீவின் கரும்புச் சர்க்கரை இந்தியாவையே பெரிய வாடிக்கையாக நாடியது. 1899இல் கர்சன் பிரபுவின் அரசு மானியம் பெற்ற பீட் சர்க்கரைக்கு ஈடுசெய் வரி விதித்ததற்கு மொரீசியஸ் தோட்ட முதலாளிகளின் நலனும் ஒரு தூண்டுதல். ஆக, அக்காலத்தில் மொரீசியஸ் இந்தியாவிடம் அரிசி வாங்கியது, இந்தியாவுக்குச் சர்க்கரை விற்றது. இரு தட்டும் ஓரளவு சமனாக நின்றதால் ஒரே ரூபாய் இரு கரையிலும் செலவாயிற்று. 1873க்குப் பிறகு வெள்ளியின் விலை வீழ்ந்து, இரண்டு ஷில்லிங்குக்குச் சமீபமாக நின்ற ரூபாய் 1893இல் இந்திய நாணயச்சாலைகள் தனியார் வெள்ளிக்கு மூடப்படும் வரையில் தேய்ந்துகொண்டே போனபோதும் தீவுகள் அதைக் கைவிடவில்லை. கூலியை வெள்ளியில் கொடுத்து, ஐரோப்பாவில் விற்ற சரக்குக்குப் பொன்னில் விலை பெற்ற தோட்டக்காரனுக்கு அந்தத் தேய்வு ஓர் அனுகூலம்.

முறிவு எப்போது நேர்ந்தது? 1932இல் இந்திய அரசு சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. சில ஆண்டுகளுக்குள் இந்தியா சர்க்கரையில் தன்னிறைவு கண்டது. அந்நியச் சர்க்கரைக்கு இங்கே இடமில்லாது போயிற்று. 1934இல் மொரீசியஸ் தன் ரூபாயை இந்திய ரூபாயிலிருந்து விடுவித்து, ஒரு ஷில்லிங் ஆறு பென்னி என்ற விகிதத்தில் பவுனோடு பிணைத்துக்கொண்டது. இவ்விரு ஆண்டுகளின் அண்மை தற்செயல் என்று கொள்ள என் மனம் இசையவில்லை. லண்டனின் நாணயக் கொள்கையும் அதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆயினும் இந்தியச் சந்தை திறந்திருந்தால் அந்தப் பிணைப்பை மாற்றும் அவசியம் அவ்வளவு எளிதில் எழுந்திராது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அன்று எழும்பிய ஆலைகளுக்கும், அவற்றுக்கு வெகுகாலம் பிற்பட்டுத் திருவாலங்காட்டில் எழும்பிய ஆலைக்கும் இட்ட வேலி ஒன்றே. அந்த வேலிக்கு வெளியே நின்றுபோன பொருள்களில் மொரீசியஸ் சர்க்கரையும் ஒன்று. நம் வட்டாரத்துக் கரும்பு விவசாயி அதனால் கெட்டாரில்லை. ஆனால் ஒரு நாணய ஒருமை குலைந்ததற்கு அவருடைய பயிரும் ஒருவகையில் உடந்தை.

இலங்கையின் பிரிவு வேறு விதமானது. 1950 ஆகஸ்டில் ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கரை முதல் ஆளுநராகக் கொண்டு மத்திய வங்கி அமைந்தது. ஆனாலும் 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்படும் வரையில் இரு ரூபாயும் ஒரே விலையில் நின்றன. இதற்கிடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964 அக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் மலையகத் தமிழரை இருபுறமும் பங்கு போட்டு, ஆள் வழிப்பட்ட உறவை அறுத்தன. நாணயம் பிரிந்ததற்கு முன்பே மனிதர் பிரிக்கப்பட்டுவிட்டனர்.

இப்பின்னணியில் தற்கால நடப்பைக் காண்போம். 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அயல்நாட்டு வர்த்தகத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள வழிவகுத்தது. 2024 பிப்ரவரி 12ஆம் நாள் இலங்கையிலும் மொரீசியஸிலும் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் முறை தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், டாலர் பஞ்சத்தால் தவித்த மாலத்தீவுக்கு நாற்பது கோடி டாலரும் மூவாயிரம் கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாக அளிக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைத் தீர்க்க இயலாதென்று இலங்கை அறிவித்தபோது இந்தியா ஏறத்தாழ நானூறு கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. அந்நெருக்கடியில், ஒரு டாலருக்கு இருநூறு ரூபாய் என்றிருந்த இலங்கை நாணயம் இரண்டொரு மாதத்துக்குள் முந்நூற்று அறுபதாயிற்று. இவற்றையெல்லாம் கண்டு, பழைய ரூபாய் வட்டம் மீண்டும் பிறக்கிறது என்று பத்திரிகைகளில் உற்சாகமாக எழுதுகிறார்கள்.

அந்த உற்சாகத்தில் பங்குகொள்ள எனக்குத் தயக்கமுண்டு. தீவுகள் இன்றும் நம்மிடம் அரிசி வாங்குகின்றன. 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோதுகூட மாலத்தீவு, மொரீசியஸ் முதலிய நாடுகளுக்குத் தனி ஒதுக்கீடு கொடுக்க நேர்ந்தது. வாங்குவதற்கு வேண்டிய ரூபாயை அவை எதை விற்று ஈட்டும்? முன்னாளில் லண்டன் பவுன் பம்பாயில் தாராளமாக ரூபாயாக மாறியதுபோல, இன்று அவை ஈட்டும் டாலரும் யூரோவும் மிச்சமாக இல்லை. எரிபொருளுக்கும் கடன் வட்டிக்குமே போதவில்லை. கடனாகக் கொடுத்த ரூபாய் கடன்தான். அது வர்த்தகம் ஆகாது.

இலங்கையின் நிலை ஓரளவு நம்பத்தக்கது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் மாற்றி ஏற்றப்படும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுடையது. அங்கே செல்லும் உல்லாசப் பிரயாணிகளிலும் இந்தியர் முன்னணியில் உள்ளனர். 2025 மேயில் திறந்துவைக்கப்பட்ட கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகம் இந்தச் சரக்கு வருமானத்தை எவ்வளவு குறைக்கும் என்பதைப் பொறுத்தே இனி அந்தக் கணக்கு அமையும். மாலத்தீவோ பெரும்பாலும் உல்லாசப் பிரயாணிகளையே நம்பியிருக்கிறது. 2021 முதல் 2023 வரையில் அங்கே முதலிடம் பெற்ற இந்தியப் பிரயாணிகள், 2024 தொடக்கத்தில் எழுந்த ஓர் அரசியல் வாக்குவாதத்தின் பின் வெகுவாகக் குறைந்தனர். சில வாரத்து மனஸ்தாபத்தால் வற்றிவிடும் வருமானத்தின் மேல் நாணய உறவை நிறுத்த முடியாது.

மொரீசியஸோடு 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் அத்தீவின் சிறப்புச் சர்க்கரை வகைகளுக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் வரிச் சலுகை தருகிறது. 2009இல் ஐரோப்பாவின் உறுதி விலை முடிவுக்கு வந்தபின் சர்க்கரைக்குப் புதுச் சந்தை தேடும் நாட்டுக்கு இது சிறிய கதவு. அதை அகலத் திறந்தால் நம் ஆலைகளில் கரும்புப் பணத்துக்காக ஏற்கெனவே காத்துக்கிடக்கும் விவசாயிகள் எதிர்ப்பார்கள்; அவ்வெதிர்ப்பு நியாயமானதே. திறக்காவிட்டால் போர்ட் லூயியில் ரூபாய்க் கணக்கு ஒருபக்கமாகவே சாயும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் டெல்லி அறிவிக்கும் ரூபாய் ஏற்பாடு, மொரீசியஸைப் பொறுத்தவரை, உல்லாசப் பிரயாணிகளின் கைப்பேசியைத் தாண்டிப் போகாது என்பதே என் தீர்மானம்.