கைகாட்டியின் இரவு நிறம்

போத்தனூரிலிருந்து கிணத்துக்கடவு வழியே பொள்ளாச்சிக்கு மீட்டர்கேஜ் இருப்புப்பாதை போடப்பட்டது 1915இல். அது கைகாட்டி மரங்களின் காலம். பகலில் கைகாட்டியின் கை நிற்கும் நிலையைப் பார்த்தே ஓட்டுநர் வண்டியை நிறுத்தவோ நகர்த்தவோ செய்தார். இருட்டியபின் கை மறைந்துவிடும். எஞ்சுவது சிவப்பு அல்லது பச்சை விளக்கு மட்டுமே. பகலில் வடிவம் சொன்ன சேதியை இரவில் நிறம் ஒன்றே சொல்ல வேண்டியிருந்தது. இன்று விமானியாக விரும்பும் இளைஞரை மருத்துவர் முன் உட்காரவைக்கும் நிறப்பார்வைச் சோதனையின் வரலாறு இந்த வேறுபாட்டில் தொடங்குகிறது.

ஸ்வீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் 1875 நவம்பரில் இரு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தனர். உப்சாலா பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் ஃப்ரித்தியோஃப் ஹோம்கிரென், நிறம் பிரித்தறிய இயலாமையே காரணமாயிருக்கலாம் என ஐயுற்றார். ரயில்வே ஊழியர் 266 பேரைச் சோதித்து அவர்களில் 13 பேரிடம் அக்குறையைக் கண்டார். அவர் கையாண்ட கருவி நம் கோவை வட்டாரத்துக்கு அந்நியமானதன்று: வண்ணக் கம்பளி நூற்கண்டுகள். நிறத்தின் பெயரைக் கேட்காமல், ஒரு கண்டைக் கொடுத்து அதை ஒத்த நிறமுடையவற்றைப் பொறுக்கச் சொன்னார். விபத்துக்கு உண்மையில் அக்குறைதான் காரணமா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினர். ஆயினும் சோதனை மட்டும் நாடு நாடாகப் பரவி நிலைத்தது. 1917இல் ஜப்பானிய கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளித் தட்டுகள் நூற்கண்டுகளின் இடத்தைப் பிடித்தன.

ரயிலுக்கும் கப்பலுக்கும் பிறந்த அந்த அச்சத்தை விமானம் சுவீகரித்துக்கொண்டது. இடச்சிறகில் சிவப்பு, வலச்சிறகில் பச்சை என்னும் விளக்கு மரபே கப்பலிலிருந்து வந்ததுதான். இந்தியாவிலும் வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். நிறப்பார்வை அதில் ஒரு படி. நிலத்தை ஈடுவைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டிய குடும்பத்துக்கு, புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் ஓர் எண் எழுதும் தீர்ப்பு சிறியதன்று. 'நிறக்குருடு' என்னும் சொல்லும் கொடியது. இவர்களில் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கிறார்கள்; சிவப்பும் பச்சையும் சார்ந்த சில சாயல்களிலேயே தடுமாறுகிறார்கள்.

இத்தடை அறைகூவப்படாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் பேப் என்பவர் 1987இல் தீர்ப்பாயத்தில் வாதாடி வென்றார். 1989இல் டெனிசன் வழக்கு அவ்வழியை மேலும் அகலமாக்கியது. ஆனால் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. 2002 ஜூலையில் அமெரிக்காவின் டாலஹாசியில் ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் ஒன்று ஓடுதளத்துக்கு முன்பே தரையில் மோதியது. தாழப் பறந்தால் நான்கும் சிவப்பாகத் தெரியும் இறங்குவழி விளக்குகள் அங்கிருந்தன. துணை விமானியின் நிறப்பார்வைக் குறையையும், விமானக் குழுவினரின் களைப்பையும் விசாரணை அறிக்கை காரணங்களோடு சேர்த்தது. மூவரும் காயங்களுடன் உயிர் தப்பினர்.

ஆகவே, 'குறை உண்டா?' என்பதைவிட 'இந்த வேலைக்கு எவ்வளவு பார்வை போதும்?' என்பதே நேர்மையான கேள்வி. லண்டன் சிட்டி பல்கலைக்கழகம் பிரிட்டிஷ் விமானத் துறைக்காக 2009இல் அளித்த ஆய்வு அதைத்தான் கேட்டது. அதே இறங்குவழி விளக்குகளை அளவுகோலாக வைத்து, குறையுள்ளோரில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினர் பாதுகாப்பாகப் பறக்கவல்லவர் என்று கணித்தது. அமெரிக்காவும் 2025 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்குக் கணினிவழிச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது.

தமிழகத்திலும் இக்கேள்வி நீதிமன்றம் ஏறியது, விமானத்துக்காக அன்று, மின்சாரத்துக்காக. மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணி, நிறப்பார்வைக் குறையைக் காட்டி ஒருவருக்கு மறுக்கப்பட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரைப் பணியமர்த்த ஆணையிட்டது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இக்குறை இல்லாதபோதும், பணிச்சூழலில் நியாயமான இசைவாக்கம் செய்ய இயலுமா என்று நிறுவனம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நிறத்தை மட்டுமே நம்பி அமைத்த அடையாளம், பார்ப்பவரில் ஒரு பகுதியினரைத் தானே வெளியேற்றிவிடுகிறது. நிறத்தோடு வடிவமோ இடமோ எழுத்தோ சேர்ந்தால் தகுதியுள்ளோர் பெருகுவர். அது இயலாத பணிகளில் தடை இருக்கட்டும். ஆனால் அதற்கான காரணம், ஒரு தட்டிலுள்ள எண்ணாக இல்லாமல், அந்தப் பணியாக இருக்கட்டும்.